குறி பார்ப்பதும் குழி வெட்டுவதும்

அன்புள்ள ஐயா,

மரபு வேளாண்மை என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்திகளில் பாதி, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் மழை, தும்பி தாழப் பறந்தால் மழை என்கிற ரகம். நான் வானிலைச் செயலியை நம்புகிறவன். என் நண்பரோ, முன்னோர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தே வரப்போகும் பருவத்தைச் சொன்னார்கள், செயற்கைக்கோளால் அது முடியுமா என்று கேட்கிறார். இந்தக் குறிகளில் ஏதாவது சாரம் உண்டா? பருவமே தடம்புரண்டுவிட்ட காலத்தில் சிறு விவசாயிக்குப் பழைய அறிவால் இனி என்ன பயன்?

கு.

அன்புள்ள கு.,

உங்கள் நண்பருக்கு வலுவான சாட்சி ஒன்றை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டீஸ் மலைக் கிராமங்களில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள், ஜூன் கடைசியில் விடியுமுன் மேடேறி நின்று கார்த்திகை விண்மீன்கூட்டத்தைப் பார்ப்பார்கள். பளிச்சென்று தெரிந்தால் வழக்கமான நாளில் நடவு. மங்கித் தெரிந்தால் மழை பிந்தும் என்று நடவைச் சில வாரம் தள்ளிப்போடுவார்கள். மானுடவியலாளர் பெஞ்சமின் ஆர்லவ், காலநிலை ஆய்வாளர்கள் ஜான் சியாங், மார்க் கேன் மூவரும் இதை ஆராய்ந்து 2000இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் அங்கே வெகு உயரத்தில் மெல்லிய கீற்றுமேகம் படர்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் விண்மீன்களை மங்கச் செய்துவிடும். அக்டோபருக்குப் பிறகு வரவேண்டிய மழையைக் குறைப்பதும் அதே எல் நினோதான்.

இந்த ஒன்றை வைத்து எல்லாக் குறிகளையும் கரையேற்றிவிட முடியாது. எறும்பும் தும்பியும் சொல்வது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், அது இன்றைக்கோ நாளைக்கோ பெய்வதைப் பற்றிய சேதி. விதைக்கிறவனுக்குத் தெரியவேண்டியது அடுத்த மூன்று மாதம். நாள்காட்டியின் கதையும் அப்படித்தான். ஜாவாவில் 'பிரணத மங்ச' என்று ஆண்டைப் பன்னிரண்டு பருவமாகப் பிரித்த உழவர் கணக்கு உண்டு. 1855இல் சுரகார்த்தா மன்னர் ஏழாம் பக்குபுவனா அதைத் தேதிகளோடு முறைப்படுத்தினார். தேதி அசையாது, மழை அசையும். எல் நினோ ஆண்டில் மழை வாரக்கணக்கில் பிந்தும்போது அந்தக் கணக்கால் என்ன செய்ய முடியும்?

ஆனால் குறிகளைப் பற்றிய வாதத்திலேயே இருவரும் நின்றுவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. கணிப்பு பொய்த்த பிறகும் அடுப்பு எரிய என்ன ஏற்பாடு? பழைய அறிவின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

வெப்பமண்டலத்தில் பருவம் என்றாலே மழைதான். குளிரும் வெயிலும் அங்கே பெரிய கணக்கில்லை. சகாரா பாலைக்குத் தெற்கே உள்ள சஹேல் பகுதியில் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் மழை பொய்யாகவும் இருக்கலாம். ஈரம் கண்டு விதைப்பார்கள், முளை வரும், பிறகு இரண்டு மூன்று வாரம் வானம் வறண்டு பயிர் கருகிவிடும். அதனால் மறுவிதைப்புக்கும் சேர்த்தே விதை எடுத்து வைப்பார்கள். கம்பு பொடி விதை, எக்டேருக்குச் சில கிலோ போதும் என்பதால் அந்த இழப்பு தாங்கக்கூடியது. கம்போடு தட்டைப்பயறும் சேர்ந்தே வயலில் இருக்கும்.

அங்குள்ள பழைய சோள ரகங்களிடம் இன்னொரு சூட்சுமம். அவை விதைத்த நாளை எண்ணிப் பூப்பதில்லை; பகல் குறுகுவதைக் கண்டு பூக்கின்றன. ஜூனில் விதைத்தாலும் ஜூலையில் விதைத்தாலும் கதிர் ஏறக்குறைய ஒரே சமயத்தில், மழை ஓயும் தருவாயில் வெளிவரும். பிந்தி விதைத்த பயிர் குட்டையாக இருக்கும், மகசூலும் குறையும், ஆனால் மணி பிடிக்கும். மழைக்கால நெல்லின் பழைய ரகங்கள் பலவும் இதே குணமுள்ளவை. எப்போது தொடங்கும் என்று தெரியாத மழைக்கு இதைவிடத் தோதான விதை ஏது?

சஹேலில் உள்ள புர்கினா ஃபாசோ நாட்டின் 'ஸாய்' குழிகளும் அப்படித்தான். கோடையில், மழைக்கு முன்பே, இறுகிய தரிசில் ஒரு சாண் அகலத்துக்கு வரிசையாகக் குழி வெட்டி குழிக்கொரு பிடி எரு போடுவார்கள். எருவைத் தேடிக் கறையான் வந்து மண்ணைத் துளைக்கும், அந்தத் துளை வழியே மழைநீர் உள்ளே இறங்கும். அந்நாட்டு உழவர் யகூபா சவடோகோ 1980களில் இந்தக் குழியை அகலமும் ஆழமுமாக்கி எரு இட்டார். ஊர் அவரைப் பைத்தியம் என்றது. 2018இல் மாற்று நோபல் எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது அவருக்குக் கிடைத்தது, 2023இல் காலமானார். இதில் ஆரூடம் எதுவும் இல்லை. மழை எவ்வளவு என்று தெரியாது, பெய்கிறது ஓடிவிடக்கூடாது, அவ்வளவே.

இதற்கும் விலை உண்டு. ஸாய் குழிக்கு எக்டேருக்குப் பல நூறு மணி நேர உழைப்பு வேண்டும். பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியூர் போய்விட்ட வீட்டில் யார் வெட்டுவது? 1970, 80களின் சஹேல் வறட்சியில் மழைக்காலமே சுருங்கியபோது, பகலைப் பார்த்துப் பூக்கும் நெடுநாள் ரகங்கள் கதிர் முற்றுமுன்பே ஈரம் இழந்தன. பலர் குறுகிய கால விதைக்கு மாறியது அதனால்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

நீங்கள் செயலியை நம்புவதிலும் தவறில்லை. நாளைய மழையை அது எறும்பைவிட நன்றாகவே சொல்லும். பருவ முன்னறிவிப்பில்தான் சிக்கல்: மொத்த மழை இயல்பைவிடக் கூடுமா குறையுமா என்று அது வாய்ப்புக் கணக்கில் பேசும். விவசாயி கேட்பது, எப்போது தொடங்கும், நடுவில் எத்தனை நாள் காயும் என்று. அந்த இரண்டுக்கும் பதில் திடமாக வராதவரை, விதையில் ஒரு பங்கைப் பானையிலேயே வைத்திருக்கிறவரிடம் அதை முழுவதும் கொட்டி விதைக்கச் சொல்ல உங்கள் செயலிக்கும் உரிமையில்லை, நண்பரின் நட்சத்திரத்துக்கும் இல்லை.