அமெரிக்க மாணவி சொல்லும் 14-ஆம் பல் எது?

அமெரிக்க மாணவி 14-ஆம் பல்லுக்கு வேர்ச் சிகிச்சை தேவை என்று குறித்திருக்கிறார், எக்ஸ்ரேயிலோ அந்தப் பல் நலமாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் 26-ஐப் பாருங்கள். வேர்ச் சிகிச்சை தேவை என்று அவர் குறித்த 14, அநேகமாக மேல் இடப்புற முதல் கடைவாய்ப்பல். உங்கள் கணக்கில் 14 என்பது மேல் வலப்புற முதல் முன்கடைவாய்ப்பல். எக்ஸ்ரேயில் அது நலமாகத் தெரிவதில் வியப்பில்லை.

நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலும் எஃப்.டி.ஐ. (உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு) பல் எண் முறைதான். அதில் முதல் இலக்கம் வாயின் கால்பகுதியையும், இரண்டாவது நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் சொல்லும். அமெரிக்காவின் யுனிவர்சல் முறையோ நோயாளியின் மேல் வலப்புற ஞானப்பல்லில் 1 என்று தொடங்குகிறது. மேல்வரிசை 16-இல் முடிய, நேர் கீழே இறங்கி 17 ஆகி, கீழ் வலப்புறத்தில் 32-இல் நிற்கிறது.

அவர் அனுப்பிய குறிப்பு முழுவதையும் ஒருமுறை படியுங்கள். 19, 20, 29, 30 எங்காவது வந்தால் அது யுனிவர்சல்தான், எஃப்.டி.ஐ. முறையில் அந்த எண்களுக்குப் பல்லே கிடையாது. 36, 47 வந்தால் எஃப்.டி.ஐ.

ஆனால் 11 முதல் 18 வரையும், 21 முதல் 28 வரையும், 31, 32 ஆகியவையும் இரண்டு முறைகளிலும் உண்டு. அங்கே ஊகிக்காதீர்கள், அவரிடமே கேளுங்கள். தவறான பல்லைப் பிடுங்கும் விபரீதம் இப்படித்தான் தொடங்குகிறது. குழுவில் பிரிட்டன் மாணவர் இருந்தால் பால்மர் என்ற மூன்றாவது பல் குறியீட்டு முறையும் வந்து சேரும். எண்ணோடு பல்லின் பெயரையும் முழுமையாக எழுதுவதை இன்றே விதியாக்குங்கள்.

எக்ஸ்ரே கோப்பைப் பகிரும்முன் அதற்குள் பதிந்திருக்கும் நோயாளியின் பெயர், பிறந்த தேதியையும் நீக்கிவிடுங்கள்.