நான்கு வயதில் வந்த கோபம்

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நான்கு வயது. குஞ்சாக வாங்கிக் கையில் ஊட்டி வளர்த்தோம். யார் தோளில் விட்டாலும் உட்கார்ந்திருக்கும். இந்தத் தை மாதத்திலிருந்து என் வீட்டுக்காரர் அருகில் வந்தாலே கடிக்கிறது. தின்றதை என் உள்ளங்கையில் கக்குகிறது. பீரோவுக்கு அடியில் புகுந்து செய்தித்தாளைக் கிழிக்கிறது. கண் பட்டுவிட்டது என்று மாமியார் மிளகாய் சுற்றிப் போட்டார். ஜோடி வாங்கி விட்டால் அடங்கிவிடும் என்கிறார் கடைக்காரர். என்ன செய்வது?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மிளகாய் சுற்றிப் போட்டதில் எனக்கு வருத்தமில்லை அம்மிணி, அந்தப் புகை கிளியின் பக்கம் போகாமல் இருந்திருந்தால் சரி. பறவையின் நுரையீரல் புகை தாங்காது.

உங்கள் கிளிக்குப் பருவம் வந்துவிட்டது. சாம்பல் கிளிக்கு ஏறக்குறைய மூன்று முதல் ஐந்து வயதுக்குள் வரும். வாங்கியபோது கருஞ்சாம்பலாக இருந்த அதன் கண் இப்போது வெளிர்மஞ்சளாகியிருக்குமே, கவனித்தீர்களா? காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறுகிறது. அதற்காக யாரும் என்னிடம் ஓடி வந்ததில்லை. அதுவே காளையாகி முட்ட வந்தால் விலகிப் போகிறோம். கிளி மட்டும் கடைசிவரை குஞ்சாகவே இருக்க வேண்டுமாம்!

தலையை மேலும் கீழும் ஆட்டி உங்கள் கையில் கக்குகிறது என்றால், தன் ஜோடிக்கு ஊட்டுகிறது என்று பொருள். அந்த ஜோடி நீங்கள். பீரோவின் அடி மரப்பொந்து, உங்கள் வீட்டுக்காரர் போட்டிக்கு வந்த ஆண். தலையை உதறி நாலாபக்கமும் தெறிக்கக் கக்கினாலோ, உடல் சோர்ந்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தாலோ அது நோய். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

முதலில் பீரோவின் அடியை அடைத்துவிடுங்கள். தடவுவது தலையும் கழுத்தும் மட்டும். முதுகையும் இறக்கையின் அடியையும் தடவினால் அது வேறு விதமாக எடுத்துக்கொள்ளும். இரவு பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் தூங்க வேண்டும், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கூண்டு வேண்டாம். சூரியகாந்தி விதையைக் குறைத்து, முளைகட்டிய பச்சைப்பயறும் காய்கறியும் கொடுங்கள். கடித்துத் துவைக்க மருந்தடிக்காத வேப்பங்குச்சி, தேங்காய்த்தொட்டி போதும்.

கடித்தால் கத்தாதீர்கள், அடிக்காதீர்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் காக்கட்டீல் (சின்னக் கொண்டைக்கிளி) ஒரு வயதில் இப்படிச் சீறியபோது, முப்பது வருடம் மாட்டை மடக்கிய கை அல்லவா, துண்டில் சுருட்டிக் கூண்டில் தள்ளினேன். நான்கு மாதம் என் கைக்கு வரவில்லை. இப்போது அதற்குப் பதினேழு வயது. பாதிப் பகல் தூக்கம், பிடிமானம் குறைந்துவிட்டது. உட்காரும் குச்சியைத் தாழ்த்திப் பருத்திக் கயிறு சுற்றியிருக்கிறேன். முன்பு விசிலடித்து ஊரைக் கூட்டும். இன்று நான் அடித்தால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது. உங்கள் கிளிக்கு அந்த முதுமை வர இன்னும் முப்பது, நாற்பது வருடம் இருக்கிறது.

ஜோடி வேண்டாம். இந்த இனத்தில் ஆணா பெண்ணா என்று கண்ணால் பார்த்துச் சொல்வது நிச்சயமில்லை. இறகோ ரத்தமோ எடுத்து டிஎன்ஏ சோதிக்க வேண்டும். சேர்த்து விட்டாலும் சண்டை போடலாம். கடைக்காரருக்கு ஒரு கிளி விற்கும், அவ்வளவுதான். உங்கள் கிளியை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். (பச்சைக்கிளி என்று எழுதியிருந்தால் பதிலே வேறு, அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.)

இந்த வேகம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். அது இறங்கும்வரை மாலையில் மாதுளை கொடுப்பது உங்கள் வீட்டுக்காரர் வேலையாக இருக்கட்டும். கையை நீட்ட வேண்டாம். கிண்ணத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்காரச் சொல்லுங்கள். பழைய சட்டை போட்டுக்கொள்ளட்டும், மாதுளைக் கறை போகாது.