ஹெட்லைட் போட்டால் முள் ஏறுகிறதா? ரேடியேட்டரைக் கழற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

ராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் வாசகர் ஒருவர், கேரவனாக மாற்றப்பட்ட பழைய டெம்போ டிராவலர் வாங்கியிருக்கிறார். பகலில் ஓரளவு ஓடுகிறது, ராத்திரி ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போகிறது, ரேடியேட்டரில் அடிக்கடி தண்ணீர் குறைகிறது, டேஷ்போர்டுக்கு அடியில் எங்கே போகிறதென்றே தெரியாத வயர்கள் கொத்தாகத் தொங்குகின்றன. ரேடியேட்டரை முதலில் பார்ப்பதா, வயரிங்கையா, வேண்டாத வயர்களை வெட்டிவிடலாமா என்பது கேள்வி.

வெட்டாதீர்கள். ரேடியேட்டரிலும் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஹெட்லைட் விஷயம்தான் முக்கியமான துப்பு. என்ஜின் நிஜமாகச் சூடேற நிமிடக்கணக்கில் ஆகும். சுவிட்சைத் தட்டிய நொடியே முள் எகிறினால் அது வெப்பம் இல்லை, மீட்டர் போர்டுக்கு எர்த், அதாவது கரன்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. விளக்குக்குப் போன கரன்ட் திரும்பி வர நல்ல வழி கிடைக்காமல் மீட்டரையும் சேர்த்துக் குழப்புகிறது.

உங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகம் உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்க்க உங்கள் பக்கத்து ஊரான மண்டபத்தில் தனியாக ஒரு நிலையமே வைத்திருக்கிறது, அந்த அளவுக்கு உப்புக்காற்று. எர்த் போல்ட் வெளியே பளிச்சென்று இருக்கும், கழற்றினால் லக்குக்கு (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் பச்சைப் பொடி.

கண்ணால் பார்த்து நம்பாமல் மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். என்ஜின் ஓடட்டும், விளக்கு, ஃபேன் எல்லாம் போடுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று என்ஜினின் வெறும் இரும்பில். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் என்ஜினுக்குப் போகும் எர்த் பட்டை தேறாது. அதே மாதிரி பாடியிலும், மீட்டர் போர்டு எர்த்திலும் பாருங்கள். கெட்ட இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது லக் அழுத்தி, இறுக்கி முடித்த பிறகு மேலே வாஸலின் தடவுங்கள்.

சரி, முள் பொய் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம், தண்ணீர் குறைவது நிஜம்தானே? அதற்கும் இதே வயரிங் காரணமாக இருக்கலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு, சூட்டில் மூடியைத் தொடவே கூடாது, ரேடியேட்டர் மூடியைத் திறந்து மீட்டரின் சிவப்பு முனையைத் தண்ணீரில் மட்டும் படும்படி நனையுங்கள், உலோகத்தில் இடிக்கக் கூடாது. கறுப்பு முனை பேட்டரி மைனஸில். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை இல்லை, 0.3-ஐத் தாண்டினால் உள்ளே அரிப்பு நடக்கிறது. எல்லா சுவிட்சும் அணைந்திருக்கும்போதே அவ்வளவு காட்டினால் கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் அரிப்புத் தடுப்புத் திரவம்) செத்துப்போச்சு. ஒவ்வொரு சுவிட்சாகப் போடும்போது எதிலாவது திடீரென்று எகிறினால் அந்தச் சாமானின் கரன்ட் ரேடியேட்டர் வழியாகத் திரும்புகிறது. முந்தைய ஓனர் ஒரு எலக்ட்ரிக் ஃபேன் மாட்டி, அதன் எர்த்தை ரேடியேட்டர் பிராக்கெட்டிலேயே முறுக்கியிருந்தால் இப்படித்தான் ஆகும், முதலில் அங்கேதான் தேடுவேன். ஃபேனுக்கு மைனஸ் நேராக நல்ல எர்த்துக்குப் போகட்டும், பிளஸ் பேட்டரி பக்கத்திலேயே ஃப்யூஸ் போட்டு ரிலே வழியாக வரட்டும்.

இதுவரை என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. உவர்ப்பான போர்வெல் தண்ணீர் என்றால் ரேடியேட்டர் ஓட்டையாக வேறு காரணமே வேண்டாம். சுத்தமாக வடித்துவிட்டு, கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. ஊற்றும்போது வண்டியின் மூக்கு மேட்டில் இருக்கட்டும், மேல் ஹோஸைப் பிசைந்துவிடுங்கள், காற்று உள்ளே தங்கினால் திரும்பவும் சூடாகும். என்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறியச் சொல்லும் மெக்கானிக் கண்டிப்பாக ஒருவர் வருவார், கேட்காதீர்கள். பல என்ஜின்களில் அந்த வால்வு திறக்கும்போதுதான் பைபாஸ் வழி அடைபடும். வால்வே இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சுங்கள், கொதி வருவதற்கு முன்பே திறக்க வேண்டும். இன்னொன்று, மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடிப் பக்கம் போகும்போது காற்று முதுகுப் பக்கம் இருக்கும், ரேடியேட்டருக்குக் கிடைப்பது குறையும். அப்போது முள் கொஞ்சம் ஏறினால் அதற்காகப் பதற வேண்டாம்.

இனி அந்த வயர்க் கொத்து. கூரையில் சோலார் இருந்தால் முதலில் அதன் இணைப்பு, அப்புறம் பேட்டரி மைனஸ். வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் கரன்ட் இருக்கும், பேட்டரியைக் கழற்றியதால் செத்துவிடாது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். வெளி ஆட்கள் செய்த வயரிங்கில் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, வீட்டு வயரையே இழுத்திருப்பார்கள், அதே சிவப்பு 230 வோல்ட்டும் சுமக்கலாம், 12-உம் சுமக்கலாம். போட்டோ எடுத்து, ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண் எழுதி, இரண்டு முனைக்கும் கன்டினியூட்டி (ஒரே வயர்தானா என்று மல்டிமீட்டரில் பார்ப்பது) பார்த்துத் தேடுங்கள். வயரின் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், அந்தப் பொத்தல் வழியாக உப்பு இறங்கி உள்ளே செம்பு கறுத்துப்போகும். முனை கிடைக்காத வயருக்கு இரண்டு பக்கமும் சூடு பட்டால் சுருங்கி ஒட்டும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடிக் கட்டிவையுங்கள். எல்லாவற்றையும் மறுபடி மாட்டி ஒரு மாதம் ஓட்டி, எதுவும் நிற்கவில்லையென்றால் அப்போது எடுத்துவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் தண்ணீர் குறைந்து, வெளியே எங்கும் கசிவும் இல்லாமல், ஓடும்போது ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி வருகிறது அல்லது ஆயில் பால் மாதிரி கலங்கியிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, போய்விட்டது. அதை வீட்டு வாசலில் பிரிக்காதீர்கள், டீசல் என்ஜின் பார்க்கும் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.