அட்டைக்கு ஆகிற செலவு: ஹாம் வானொலி கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கியூ.எஸ்.எல். அட்டையைப் பற்றியவை. வானலையில் பேசி முடித்த இரண்டு ஹாம்கள் (உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள்), 'ஆம், உங்களோடு பேசினேன்' என்று எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சான்று அது. ஆன்டெனா கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக உரிமம் கிடைத்திருக்கிறது. அழைப்புக் குறி, அதாவது வானலையில் என் பெயர், வி.யு.3 வரிசை. ஆண்டர்சன் தெருவில் விசாரித்தால், ஆயிரம் அட்டைக்குக் குறைந்து அடித்தால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். அடித்துவிடலாமா?
— அம்பத்தூர் வாசகர்

வேண்டாம். அவர்கள் சொல்வது ஆஃப்செட் கணக்கு. பிளேட் போட்டு இயந்திரத்தை ஓடவிடும் செலவு நூறு அட்டைக்கும் ஆயிரம் அட்டைக்கும் ஒன்றுதான். எண்ணிக்கை கூடக் கூட ஓர் அட்டையின் விலை இறங்கும். கல்யாணப் பத்திரிகைக்கு அது சரி. ஒரே முகூர்த்தத்தில் தீர்ந்துவிடும். உங்கள் அட்டை தீராது. அதோடு வி.யு.3 என்பது ரெஸ்டிரிக்டட் என்கிற கீழ்ப்படி உரிமம். நாளைக்கே மேல்படியான ஜெனரல் தேர்வில் தேறினால் வி.யு.2 குறி வாங்கிக்கொள்வீர்கள். அன்றைக்குக் கையில் மிஞ்சியிருக்கும் எண்ணூறு அட்டையை என்ன செய்வீர்கள்? வாடகை வீடு மாறினாலும் இதே கதைதான். டிஜிட்டல் அச்சில் நூறு போடுங்கள். அட்டை விலை கொஞ்சம் கூடும். மொத்தத்தில் கையைக் கடிக்காது.

அளவு 14 செ.மீ.க்கு 9 செ.மீ. இதைத் தாண்டினால், அட்டைகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும் பியூரோக்காரர்களின் பெட்டியில் அடங்காமல் மூலை மடங்கிப் போகும். தாள் 250 ஜி.எஸ்.எம். போதும், அட்டை மூன்று கிராம் சொச்சம் வரும். வெளிநாட்டுக் கடிதத்துக்கு முதல் படி 20 கிராம். அட்டை, உறை, பதில் உறை மூன்றும் அதற்குள் நிற்க வேண்டும். கனமான தாளில் ஆடம்பரம் செய்கிறவர்கள் அஞ்சலக ஜன்னலில்தான் அதன் விலையை அறிகிறார்கள்.

பின்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டவே வேண்டாம். எழுதிய மசி காயாமல், அடுக்கும்போது அடுத்த அட்டையின் முகத்தில் அப்பிக்கொள்ளும். தேதி, நேரம், அலைவரிசை எழுதும் கட்டங்கள் இருக்கிற பக்கத்திலேயே உங்கள் அழைப்புக் குறியையும் அச்சிடுங்கள். சரிபார்ப்பவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்காது. உலகத்தைப் பிரித்திருக்கும் மண்டல எண்களையும் போடுங்கள்: உங்களுக்கு சி.கியூ. மண்டலம் 22, ஐ.டி.யு. மண்டலம் 41. நிலையம் இருக்கும் இடத்தை எழுத்தும் எண்ணுமாகச் சொல்லும் வரைபடக் கட்டத்தை நண்பரின் அட்டையைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். 13 டிகிரி அட்சக்கோடு சென்னைக்குள்ளேயே ஓடுகிறது: மயிலாப்பூர் என்.கே.03, திருவான்மியூர் என்.கே.02. நீங்கள் 03.

அமெரிக்க நிலையம் ஒன்று, பதில் அட்டை வேண்டுமானால் உறைக்குள் இரண்டு, மூன்று டாலர் வைக்கச் சொல்கிறது. இது அட்டை வியாபாரம் அல்லவா?
— மந்தைவெளி வாசகர்

அவர் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு சாதாரணக் கடிதம் போட இன்றைக்கு ஒன்றரை டாலருக்கு மேல் ஆகிறது. ஒரு காலத்தில் ஒரு டாலர் போதும். அந்த நோட்டுக்கே ஹாம்களிடம் 'பச்சைத் தபால்தலை' என்று பட்டப்பெயர். கட்டணம் ஏறியது, நோட்டும் இரண்டானது. அபூர்வமான இடமென்றால் பாரம் இன்னும் அதிகம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஓர் இந்தியக் குழு அந்தமானில் ஹாம் நிலையம் நடத்தியது. பல ஆண்டுகளாக யாரும் ஹாம் நிலையம் நடத்தாத இடம் என்பதால் உலகமே அந்தக் குறிக்காகக் காத்துக் கிடந்தது. இடையில் சுனாமி வந்து, குழு நிவாரணச் செய்தித் தொடர்புக்குத் திரும்பியது. அப்படிப்பட்ட குழுவிடம் அட்டை கேட்கிற ஒவ்வொருவருக்கும் அவர்களே தபால்தலை ஒட்ட வேண்டும் என்றால் நியாயமா? கேட்கிறவர் பதில் செலவை ஏற்பதே முறை. சாதாரண ஊரில் உட்கார்ந்துகொண்டு ஐந்து டாலர் கேட்பவரைப் பற்றி எனக்கும் உங்கள் அபிப்பிராயம்தான்.

ஆனால் சாதாரணக் கடிதத்தில் நோட்டு வைப்பதற்குச் சர்வதேச அஞ்சல் விதிகளில் தடை இருக்கிறது. பலரும் வைக்கிறார்கள், தொலைந்தால் கேட்க நாதியில்லை. எதை வைத்தாலும், உறையின் மேல் அழைப்புக் குறியை எழுதாதீர்கள். ஹாம் கடிதத்துக்குள் டாலர் இருக்கும் என்பது கை நீளமுள்ளவர்களுக்கு எல்லா நாட்டிலும் தெரியும். பெயர், விலாசம் மட்டும் போதும். பதில் உறை, வெளி உறையைவிட ஒரு சுற்று சிறியதாக இருக்கட்டும். மடித்து வைத்தால் நடுவில் தடித்து, முத்திரையிடும் இயந்திரத்தில் சிக்கிக் கிழியும்.

விதிப்படி உள்ள வழி சர்வதேச பதில் கூப்பன். 1906இல் ரோம் நகரில் கூடிய அஞ்சல் மாநாட்டில் பிறந்தது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் எல்லாம் இதை வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுக் கடிதத்துக்கு வேண்டிய தபால்தலையைத் தர வேண்டும் என்பதே ஏற்பாடு. விற்பதற்குத்தான் கட்டாயமில்லை, அமெரிக்கா 2013இல் விற்பனையை நிறுத்திவிட்டது. யாராவது பழைய கூப்பன் தந்தால் அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள், அஞ்சலகம் இன்னும் மாற்றித் தருகிறதா என்றும் கேளுங்கள். (1920இல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி ஊரை ஏமாற்றியது இந்தக் கூப்பனைக் காட்டித்தான். நம் ஊர் நிதி நிறுவன மோசடிகளுக்கெல்லாம் அவர் பாட்டனார்.)

என்னைக் கேட்டால் இணையவழிக் கோரிக்கையே மேல். எதிர்முனைக்காரரின் இணையப் பக்கத்தில் உங்கள் தொடர்பின் விவரத்தைப் பதிந்து, கேட்கும் தொகையைச் செலுத்தினால் அட்டை வீட்டுக்கு வந்துவிடும். உங்கள் அட்டையும் போக வேண்டாம், தபால்தலையும் வேண்டாம். போகிற வழிச் செலவு முழுவதும் மிச்சம். பியூரோ வழியாகப் போதும் என்று குறித்தால் பெரும்பாலும் காசே கேட்பதில்லை.

பியூரோவில் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒன்றும் வரவில்லையே?
— குரோம்பேட்டை வாசகர்

இரண்டு ஆண்டுகள் எல்லாம் ஒரு தாமதமா? பியூரோ என்பது சங்கங்கள் நடத்தும் மொத்த அஞ்சல். நம் நாட்டில் இந்திய அமெச்சூர் வானொலி சங்கம் நடத்துகிறது. அட்டைகளை நாடு வாரியாகப் பிரித்து, ஒரு பொட்டலம் சேர்ந்த பிறகே அனுப்புவார்கள். அங்கே தொண்டர்கள் குறி வாரியாக மறுபடி பிரிப்பார்கள். சந்தாவைத் தவிர பெரிய செலவில்லை, நேரத்தால் செலுத்துகிறீர்கள். பியூரோவே இல்லாத நாடுகளும் உண்டு. அனுப்புமுன் எதிர்முனைக்காரர் பியூரோ அட்டை வாங்குகிறாரா, அவருக்காக அட்டைகளைக் கவனித்துக்கொள்ளும் மேனேஜர் யாராவது இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் மேனேஜரின் குறியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அதிகாலையில் ஒரு ஜப்பானியருடன் தெளிவாகப் பேசினேன். காசு செலவழித்து நேரடியாக அட்டை அனுப்பினால் 'பதிவேட்டில் இல்லை' என்று பதில் வருகிறது. ஏன்?
— பெரம்பூர் வாசகர்

அனுப்பியிருக்கும் நகலைப் பார்த்தேன். 5ஆம் தேதி, 23.00 என்று எழுதியிருக்கிறீர்கள். நம் கடிகாரத்தில் 5ஆம் தேதி காலை 4.30. அட்டையில் எழுத வேண்டியது உலக நேரம், நம் நேரத்தில் ஐந்தரை மணி கழித்தது. நேரத்தை அப்படி மாற்றிய நீங்கள் தேதியை மாற்றவில்லை. உலக நேரப்படி அது 4ஆம் தேதி இரவு. காலை 5.30க்கு முன் பேசிய எல்லாத் தொடர்புகளுக்கும் முந்தின நாள் தேதிதான் போட வேண்டும். அவருக்கு இரண்டாவது தபால்தலை ஒட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள். ஹாம்கள் பொதுவாக மனம் இறங்குவார்கள்.

கணினி வழியாகச் செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறையில் ஒரே ஞாயிற்றுக்கிழமை அறுபது தொடர்புகள். அறுபது பேருக்கும் அட்டை போட வேண்டுமா?
— கல்லூரி மாணவி, தாம்பரம்

கூடாது, அம்மா! 2017இல் வந்த அந்த முறையில் ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தொடர்பு முடிந்துவிடுகிறது. பெயரைக்கூடக் கேட்பதில்லை. அதற்கு, தொடர்புகளை இணையத்திலேயே உறுதிசெய்யும் 'லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட்' போதும். அமெரிக்க ஹாம் சங்கம் 2003 முதல் நடத்துகிறது, பதிவேற்றக் கட்டணமில்லை. உரிமத்தின் நகலும் இன்னொரு அடையாளச் சான்றும் அனுப்பிச் சேர வேண்டும். நூறு நாடுகளுக்கான டி.எக்ஸ்.சி.சி. விருதுக்கு அது செல்லும், விண்ணப்பிக்கும்போதுதான் காசு. இ.கியூ.எஸ்.எல். தளம் அழகான அட்டைப் படம் தரும், அந்த விருதுக்கு மட்டும் செல்லாது. தாள் அட்டையைக் குரலிலோ மோர்ஸிலோ நின்று பேசியவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: யாராவது தாமாக அட்டை அனுப்பினால், அவர் பள்ளிக்கூடப் பையனாக இருந்தாலும், டாலர் வைக்காவிட்டாலும், உங்கள் செலவில் பதில் போடுங்கள். பியூரோ வழியாகப் போட்டால்கூட போதும்.

மாமனார் ஹாமாக இருந்தவர். இரண்டு பெட்டி நிறைய அட்டைகள். பழைய பேப்பர் கடைக்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். போடலாமா?
— நங்கநல்லூர் வாசகி

கடைக்காரரைத் திருப்பி அனுப்புங்கள். முதலில் உறைகளையும் அட்டைகளையும் தனித்தனியே பிரியுங்கள். தபால்தலையை உரிக்க வேண்டாம், உறையோடு இருந்தால்தான் சேகரிப்பவர்கள் விரும்புவார்கள். அட்டைகளில் 'மாஸ்கோ, பெட்டி எண் 88' என்று இருப்பவற்றை ஒதுக்குங்கள். சோவியத் ஹாம்களின் அட்டைகள் எல்லாம் அந்த ஒரே விலாசம் வழியாகத்தான் போய்வந்தன. கிழக்கு ஜெர்மனி, யூகோஸ்லாவியா, செக்கோஸ்லோவாக்கியா என்று இன்று இல்லாத நாடுகளையும் தேடுங்கள். பெரிய விலை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் வியன்னாவில் 'டோகுமென்டேஷன்ஸ்ஆர்க்கிவ் ஃபங்க்' என்ற ஆவணக் காப்பகம் இப்படிப்பட்ட அட்டைகளையே சேர்த்து வைக்கிறது. பெட்டியை அனுப்புமுன், என்ன இருக்கிறது என்று நாலைந்து படம் எடுத்து அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். அனுப்பும் செலவை யார் ஏற்பது என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மாமனாரின் சொந்த அட்டை ஒன்றைமட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.