பட்டியலில் இருக்கும் ஆள், தேடினால் இல்லை: ஒரு பெகு கடையின் எக்செல் சிக்கல்

மியன்மாரின் பெகுவிலிருந்து (இன்றைய பாகோ) ஒரு வாசகர் கேட்கிறார்: "பருப்பும் மசாலாவும் மொத்த வியாபாரம். கடன் கணக்கு முழுக்க எக்செலில்தான், கிட்டத்தட்ட அறுநூறு பெயர். 2014இல் தம்பி ஆரம்பித்து வைத்தது. இப்போது ஒரு பெண் கணக்கு எழுதுகிறாள். சில மாதங்களாக ஒரு பெயரைத் தேடினால் இல்லை என்கிறது. கண்ணெதிரே அந்தப் பெயர் இருக்கிறது. மொத்தம் போட்டால் கையால் கூட்டியதைவிடக் குறைகிறது. சில வரிகளில் பர்மிய எழுத்து உடைந்து தெரிகிறது. கணினிக் கடைக்காரர் ஃபைல் கெட்டுவிட்டது, புது பில்லிங் சாஃப்ட்வேர் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா? அப்பா காலத்துத் தமிழ்க் கணக்கு ஒன்றும் இருக்கிறது. திறந்தால் வெறும் இங்கிலீஷ் எழுத்தாக வருகிறது."

இப்போதைக்கு வாங்காதீர்கள், ஐயா. உங்கள் ஃபைல் கெடவில்லை. ஒரே ஃபைலுக்குள் இரண்டு வகை பர்மிய எழுத்து கலந்து கிடக்கிறது, அவ்வளவுதான். இதைச் சுத்தம் செய்யாமல் எந்த சாஃப்ட்வேரில் கொண்டுபோய்க் கொட்டினாலும் அங்கேயும் இதே தேடல், இதே குறைச்சல் கூட்டல்தான் வரும். சுத்தம் செய்தபின் வேண்டுமானால் வாங்கலாம். பெரும்பாலும் வேண்டியிருக்காது.

அப்பாவின் தமிழ்க் கணக்கிலிருந்து தொடங்கினால் விஷயம் எளிதாகப் புரியும். அது பாமினி மாதிரி ஒரு பழைய ஃபாண்டில் அடித்ததாக இருக்கும். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. ஃபாண்ட் அதற்கு மேல் தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். ஃபாண்ட் இல்லாத கணினியில் முகமூடி கழன்று இங்கிலீஷ் தெரியும். பார்த்த உடனே தப்பு என்று தெரிந்துவிடுவது பாமினியிடம் உள்ள ஒரு நல்ல குணம்.

உங்கள் தம்பி 2014இல் அடித்தது ஜோஜி ஃபாண்டில். அன்றைக்கு இந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லாரும் அதில்தான் அடித்தார்கள். ஜோஜி என்றால் பர்மியக் கதைகளில் கோலும் கையுமாகக் காட்டில் திரியும் ரசவாதி. பெயருக்கு ஏற்ற மாதிரி இந்த ஃபாண்டும் ஒரு மாயவேலை செய்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுக்கும் பொது முறை யூனிகோடு. அது பர்மிய எழுத்துகளுக்கு ஒதுக்கி வைத்த அதே எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பலவற்றுக்குத் தன்னிஷ்டப்படி வேறு எழுத்தை உட்கார வைத்தது. மோன், ஷான், கரேன் மொழிகளுக்கு ஒதுக்கிய இடங்களையும் பர்மிய எழுத்தின் வெவ்வேறு வடிவங்களுக்கே எடுத்துக்கொண்டது.

ஓர் எழுத்தை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். பர்மியத்தில் 'அதத்' என்று ஒரு குறி உண்டு. எழுத்தின் தலையில் உட்கார்ந்து, நம் மெய்ப்புள்ளி செய்கிற வேலையைச் செய்யும். ஜோஜியில் அதன் எண் 1039. யூனிகோடில் 1039 என்பது ஓர் எழுத்தின் காலடியில் இன்னோர் எழுத்தை அடுக்கச் சொல்லும் குறி. ஒரே எண், இரண்டு கட்டளை. அதனால் தம்பி அடித்த பெயரும் அந்தப் பெண் அடித்த அதே பெயரும், அவரவர் ஃபாண்டில் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கணினி எண்களை ஒப்பிடுகிறது. அதற்கு இருவரும் வேறு ஆட்கள். பாமினி இங்கிலீஷாகக் கழன்று காட்டிக்கொடுத்துவிடும். ஜோஜி பர்மிய எழுத்தாகவே உடைவதால், பல கடைகளில் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை.

2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. அதற்குப் பிறகு போன் வாங்கியவர்கள் பெரும்பாலும் யூனிகோடில் அடிக்கிறார்கள், உங்கள் கடைப் பெண்ணும் அப்படித்தான். யார் மேலும் தப்பில்லை. தம்பியைத் திட்டாதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் ஃபைலை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை பென் டிரைவில் போட்டு மேசை டிராயரில் வையுங்கள். அதை இனித் தொடக் கூடாது. பிறகு வேலை செய்யும் நகலில் இடது ஓரத்தில் புதிதாக ஒரு காலம் (மேலிருந்து கீழே போகும் கட்ட வரிசை) சேர்த்து, 1 முதல் 600 வரை வரிசை எண் போடுங்கள். வரிகளை மேலும் கீழும் புரட்டப்போகிறோம். பழைய வரிசைக்குத் திரும்ப இந்த எண்தான் வழி.

எந்த வரி ஜோஜி, எந்த வரி யூனிகோடு என்று கண்டுபிடிக்க ஒரு எளிய தந்திரம் இருக்கிறது. பெயர்க் காலத்தை அப்படியே நகலெடுத்துப் பக்கத்துக் காலத்தில் ஒட்டுங்கள். ஒன்றுக்கு ஜோஜி-ஒன் ஃபாண்ட், மற்றதற்கு விண்டோஸிலேயே இருக்கும் யூனிகோடு ஃபாண்டான மியன்மார் டெக்ஸ்ட். இப்போது ஒவ்வொரு பெயரும் இரண்டு முறை தெரியும், பெரும்பாலும் ஏதாவது ஒன்றில்தான் ஒழுங்காக இருக்கும். மியன்மார் டெக்ஸ்டில் புள்ளிப் புள்ளியாக ஒரு வட்டம் எட்டிப் பார்த்தால் அது ஜோஜி வரி. ஒட்ட எழுத்தில்லாமல் தவிக்கும் குறிக்கு அந்த வட்டத்தைத்தான் ஊன்றுகோலாகக் கொடுப்பார்கள். இதைப் பர்மியம் நன்றாகப் படிக்கிற ஆளை உட்காரவைத்துச் செய்யுங்கள். மூன்றாவது காலத்தில் 'ஜோ' அல்லது 'யூ' என்று குறிக்கச் சொல்லுங்கள். அறுநூறு பெயர் ஒரு சாயங்கால வேலை. குறி ஏதும் இல்லாத சின்னப் பெயர்கள் இரண்டிலும் சரியாகவே தெரியும். அவை இரண்டு முறையிலும் ஒன்றுதான், 'யூ' என்று போட்டு விட்டுவிடலாம்.

இதெல்லாம் எதற்கு, ஜோஜியை யூனிகோடாக மாற்றும் கன்வெர்ட்டரே தானாகக் கண்டுபிடிக்காதா என்று கேட்பீர்கள். கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு, ஆனால் அவை நிகழ்தகவைக் கணக்கிட்டு ஊகிப்பவை. நீளமான பத்தியைக் கொடுத்தால் அநேகமாகத் தப்பாது, இரண்டெழுத்துப் பெயரைக் கொடுத்தால் தடுமாறும். நானே ஒரு கடைக்கு முழுக் காலத்தையும் ஒரே மூச்சில் ஜோஜியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினேன். ஏற்கெனவே யூனிகோடில் இருந்த பெயர்களெல்லாம் இரண்டாம் முறை மாறி, எந்த ஃபாண்டிலும் படிக்க முடியாத கூழாகிவிட்டன. நகல் இருந்ததால் தப்பித்தேன். மாற்ற வேண்டியது 'ஜோ' வரிகளை மட்டும்தான்.

அதற்கு ஃபில்டர் போட வேண்டாம். ஃபில்டர் செய்த பட்டியலில் ஒட்டினால், மறைந்திருக்கும் வரிகளின் மேலும் எக்செல் ஒட்டிவிடும். அந்தக் குறிக் காலத்தை வைத்து சார்ட் (வரிசைப்படுத்தல்) செய்யுங்கள், 'ஜோ' எல்லாம் ஒரே கட்டாக வந்து நிற்கும். சார்ட் செய்யும்போது பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பெயர்க் காலத்தை மட்டும் புரட்டினால் ஒருவர் கடன் இன்னொருவர் தலையில் ஏறிவிடும். கடன் கணக்கில் அதைவிடப் பெரிய விபத்து கிடையாது. பிறகு அந்தக் கட்டை ராபிட் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக்கித் திரும்ப ஒட்டுங்கள். இணையப் பக்கத்தில் செய்வதானால் பெயரை மட்டும் கொடுங்கள். யாருக்கு எவ்வளவு பாக்கி, போன் நம்பர் என்ன என்பதெல்லாம் கடையை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. முடிந்ததும் வரிசை எண்ணை வைத்து மறுபடி சார்ட் செய்தால் பழையபடி நிற்கும்.

அடுத்து, கூட்டல் குறைகிற விஷயம். இது வேறு நோய், ஆனால் கூடவே வருவது. பர்மிய எண்களை எக்செல் எண்ணாக மதிப்பதில்லை. ஐயாயிரம் கியாட் என்று பர்மிய எண்ணில் அடித்தால் அது அதற்கு வெறும் எழுத்து. கூட்டும்போது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூட வராது. பார்த்தாலே பிடிக்கலாம்: எண்ணாக ஏற்றுக்கொண்டதை எக்செல் வலப்பக்கம் ஒட்டி வைக்கும், எழுத்தென்று நினைத்ததை இடப்பக்கம். எத்தனை வரி மாட்டியிருக்கிறது என்று தெரிய, அந்தக் காலத்துக்குக் கவுண்ட்ஏ ஒன்றும் கவுண்ட் ஒன்றும் போடுங்கள். முதலாவது நிரம்பிய கட்டங்களை எண்ணும், இரண்டாவது உண்மையான எண்களை மட்டும் எண்ணும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கூட்டலில் வராமல் போன வரிகள்.

இதற்குக் கன்வெர்ட்டர் தேவையில்லை. தொகைக் காலத்தைத் தேர்ந்தெடுத்து, ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸில் பர்மியச் சுழியத்துக்குப் பதில் 0, ஒன்றுக்குப் பதில் 1 என்று பத்து முறை மாற்றினால் போதும். காலத்தைத் தேர்ந்தெடுக்காமல் ஒரே கட்டத்தில் நின்றுகொண்டு ரீப்ளேஸ் ஆல் அழுத்தினால் ஷீட் முழுக்க மாறும், ஜாக்கிரதை. போன் நம்பர் காலத்தைச் செய்யும் முன் அதன் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் 09 என்று தொடங்கும் நம்பர்களின் முதல் சுழியம் காணாமல் போகும்.

பத்தும் மாற்றியபிறகும் சில கட்டங்கள் இடப்பக்கமே முரண்டு பிடிக்கும். அங்கே பர்மிய 'வ' எழுத்து இருக்கும். பர்மியத்தில் சுழியமும் வட்டம், 'வ'வும் வட்டம். அவசரத்தில் அடிப்பவர்கள் ஒன்றுக்கு மற்றதைப் போட்டுவிடுவார்கள். தொகைக் காலத்தில் மட்டும் அந்த 'வ'வையும் 0 ஆக்குங்கள். பெயர்க் காலத்தில் செய்தால் எத்தனையோ பேருடைய பெயர் நடுவில் சுழியம் விழும். இன்னொரு வகை முரண்டு, எண்ணோடு 'வீசை'யையும் சேர்த்து ஒரே கட்டத்தில் எழுதியிருப்பது. அளவு ஒரு காலம், வீசையா கிலோவா என்பது இன்னொரு காலம். ஒரு பர்மா வீசை 1.63 கிலோ என்பதால் இரண்டையும் கலந்து கூட்டினாலும் தப்பு வரும். நம் வீசைதான் பர்மியர் வாயில் 'பெய்த்தா'வாகவும் இங்கிலீஷில் 'விஸ்' ஆகவும் இங்கே நடமாடுகிறது. எக்செலுக்கு மூன்றும் எழுத்துதான்.

எழுத்தெல்லாம் ஒன்றான பிறகும் சிலர் இரண்டு பேராக நிற்பார்கள். போன வருடம் 'கோ' என்று எழுதியவரை வயதுக்கு மரியாதையாக இப்போது 'ஊ' என்று கணக்கெழுதும் பெண் எழுதியிருப்பாள். பெண்களுக்கு 'மா', 'டோ' என்றும் அப்படியே. மரியாதைச் சொல்லோடு சேர்த்து எழுதினால் அகரவரிசையில் பாதி ஊர் 'ஊ'வுக்குக் கீழே போய்ச் சேரும். அதற்குத் தனிக் காலம் கொடுங்கள். நம்மவர்களில் பலருக்கு வீட்டில் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். ஒரே ஆள் முருகையாவாகவும் ஊ வின் மவுங் ஆகவும் உங்கள் பட்டியலில் இரண்டு கடன் வைத்திருக்கலாம். மென்பொருளால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கல்லாவில் உட்காரும் உங்களுக்குத்தான் தெரியும். அதனால் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்துவிடுங்கள், 101, 102 என்று. பில்லிலும் அந்த நம்பர், கணக்கிலும் அந்த நம்பர். பெயரை யார் எப்படி எழுதினாலும் கணக்கு தடம் மாறாது.

மறுபடி கலக்காமல் இருக்க, கடையில் அடிக்கிற எல்லாருடைய கீபோர்டையும் பாருங்கள். போனில் கீபோர்டின் பெயரிலேயே ஜோஜி என்று இருந்தால் நீக்கிவிட வேண்டும். கணினியில் விண்டோஸ் இரண்டு பர்மிய கீபோர்டு தருகிறது, ஃபொனெடிக் ஆர்டர் என்றும் விஷுவல் ஆர்டர் என்றும். நம் 'கெ'யில் கொம்பு முன்னால் நின்றாலும் யூனிகோடு உள்ளே க-வுக்குப் பின்னால்தான் வைக்கும். பர்மியக் கொம்புக்கும் அதே விதி. ஜோஜி பழக்கமுள்ளவர்கள் கொம்பை முதலில் அடித்தே பழகியவர்கள். தம்பி திரும்ப உட்கார்ந்தால் அவருக்கு விஷுவல் ஆர்டர் போட்டுக் கொடுங்கள். அவர் பழக்கப்படி அடிக்கலாம், உள்ளே யூனிகோடு வரிசையில் பதிவாகும்.

மின்சாரம் போய்ப் போய் வருகிற ஊரில் எக்செல் தானாக நகல் சேமிக்கும் ஆட்டோ ரிகவர் பத்து நிமிடத்தில் இருக்கக் கூடாது, இரண்டாக்குங்கள். ஃபைலை சிஎஸ்வி ஆகச் சேமிக்க யாராவது சொன்னால் 'யுடிஎஃப்-8' என்று பெயரில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழும் பர்மியமும் கேள்விக்குறிகளாகிவிடும், அதைத் திருப்ப வழியே இல்லை.

அப்பாவின் கணக்குக்கு வருகிறேன். சும்மா படிக்க மட்டும் வேண்டுமென்றால் பாமினி ஃபாண்டை நிறுவினாலே போதும், திறந்தால் தமிழ் வந்துவிடும். தேடவும் கூட்டவும் வேண்டுமானால் என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக்கலாம். எது பழைய முறை என்று அது கேட்கும். இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் பாமினி என்று சொல்லுங்கள். தலையில் கோடும் புள்ளியும் சுமக்கும் ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி அல்லது டேப். தொகைகளையும் அதே காலத்தில் அடித்திருந்தால் முதல் பத்து வரியை அப்பாவின் பேரேட்டுத் தாளோடு வைத்துச் சரிபார்த்த பிறகே மீதியை மாற்றுங்கள்.