“சும்மா பேசத்தான்” என்று முகாமுக்கு அழைத்தால் போக வேண்டுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கிளிநொச்சியைச் சேர்ந்தவர்கள். என் மகனுக்கு 24 வயது. ஒன்றரை வருடமாக வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். மே 18 அன்று எங்களோடு முள்ளிவாய்க்காலுக்கு வந்து என் தம்பிக்கு விளக்கேற்றிவிட்டுத் திரும்பினான். அடுத்த வாரமே சிவில் உடையில் ஒருவர் அவன் அறைக்கு வந்து, இராணுவப் புலனாய்வு என்று சொல்லி, அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். இப்போது தொலைபேசியில், “ஞாயிறு காலை முகாமுக்கு வாரும், சும்மா பேசத்தான்” என்கிறார். போகாவிட்டால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. வீட்டுக்காரரும் மாத முடிவில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். என்ன செய்வது?

பதில்: அம்மா, போகத்தான் வேண்டும் என்ற சட்டக் கடமை எதுவும் உங்கள் மகனுக்கு இல்லை. தொலைபேசியில் வந்த அந்த அழைப்பு அழைப்பாணை ஆகாது. அழைத்தவர் உண்மையில் இராணுவத்தைச் சேர்ந்தவர்தானா என்பதே இன்னும் உறுதியாகவில்லை. ஆள் மாறாட்டம் செய்து காசு பறிப்பவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

நீங்கள் ஏன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. போருக்குப் பிறகு வன்னியில் முடிவெட்டும் கடை, சிற்றுண்டிச்சாலை என்று எல்லாவற்றிலும் இராணுவம் இருந்தது. முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்குச் சம்பளம்கூடப் பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்துதான் வந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவருக்கு முகாமும் பிரதேச செயலகம் போல இன்னொரு அரசாங்கக் கந்தோராகத் தெரிவதில் வியப்பில்லை. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. குற்ற விசாரணைக்கு ஒருவரை வரச் சொல்லும் அதிகாரத்தை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குக் கொடுத்திருக்கிறது. அதற்கும் எழுத்து மூலமான கட்டளை வேண்டும் என்கிறது 109ஆம் பிரிவு. நாம் எல்லோரும் அஞ்சுகிற பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் 6ஆம் பிரிவும் கைது செய்யும் அதிகாரத்தைப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவருக்கு, அல்லது அவர் எழுத்தில் அதிகாரமளித்த, உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத உத்தியோகத்தருக்கே வழங்குகிறது.

இராணுவத்துக்கு அந்த அதிகாரம் வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அவசரகால ஒழுங்குவிதிகள் மூலமோ, பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் கீழ் ஜனாதிபதி வர்த்தமானியில் பிறப்பிக்கும் கட்டளை மூலமோ வரலாம். 2011இல் அவசரகாலச் சட்டம் நீங்கிய பிறகும் இந்த 12ஆம் பிரிவுக் கட்டளை மாதாமாதம் வந்துகொண்டிருந்த காலம் உண்டு. ஆனால் அப்படியொரு கட்டளை நடைமுறையில் உள்ள நாளிலும் அது சோதனையிடவும் கைது செய்யவும் தரப்படும் அதிகாரம்தான். ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு அழைப்பதற்கு அதில் இடமில்லை.

விளக்கேற்றியதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இறந்த தாய்மாமனை நினைத்துச் சுடரேற்றுவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் விடுதலைப் புலிகள் அமைப்பு இலங்கையில் தடைசெய்யப்பட்டது. அதன் சின்னமோ தலைவரின் படமோ உங்கள் மகனின் முகநூலில் இருந்தால், அதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அப்படி எதுவும் இருந்தால் என்னிடமோ வேறொரு சட்டத்தரணியிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். கட்சிக்காரர் மறைத்த விஷயத்தை எதிர்த்தரப்பு வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்கும் அவஸ்தை எனக்குப் பழகிப்போன ஒன்று. இனியும் வேண்டாம்.

இனி, மகன் என்ன செய்ய வேண்டும்? அடுத்த முறை தொலைபேசி வந்தால் கோபப்படாமல், “எழுத்தில் அனுப்புங்கள், என் சட்டத்தரணியோடு வருகிறேன்” என்று மட்டும் சொல்லட்டும். அழைக்கிறவரும் மேலதிகாரி சொன்னதைச் செய்கிற ஒருவராக இருக்கலாம். அவரோடு வாக்குவாதம் பண்ணி ஆகப்போவது எதுவுமில்லை. வந்தவரின் தோற்றம், நாள், நேரம், தொலைபேசி இலக்கம், பேசிய வார்த்தைகள் எல்லாவற்றையும் இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். சிங்களத்தில் எழுதிய எந்தக் காகிதத்திலும், வாசித்து விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். தமிழில் தரும்படி கேட்பது அவன் உரிமை.

அதன்பின் கொழும்பு 4, ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யுங்கள். அவசரமென்றால் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இதில் எல்லோரும் தவறவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் போனால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்கிறது, அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டோடு வீட்டில் இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். விசாரணை உண்மையில் நடந்ததற்கு ஆதாரம் எங்கே என்று உயர் நீதிமன்றம் கேட்டு, மனுக்களைத் தள்ளுபடி செய்திருக்கிறது. ஆகவே விசாரணைக்கு அழைத்த கடிதங்களையும் திகதிகளையும் பத்திரப்படுத்துங்கள். மீறல் நடந்து முடியும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. உரிமை மீறப்படவிருக்கும் நிலையிலும் மனுச் செய்யலாம் என்று அதே 126ஆம் உறுப்புரை சொல்கிறது.

கைது நடந்துவிட்டால்? காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13(1)ஆம் உறுப்புரை. சாதாரணச் சட்டத்தின் கீழென்றால் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழென்றால் தடுப்புக்காவல் நீளும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகும் அதன் உச்சம் 12 மாதம் என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படிக் கைது செய்தவர்கள் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவித்தாக வேண்டும். அறிவித்தார்களா என்று கேட்டுப் பார்ப்பதுதான் நீங்கள் செய்யும் முதல் வேலை. ஆள் எங்கே என்றே தெரியாவிட்டால் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

வீட்டுக்காரர் விஷயம் சிறியது. நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் பூட்டை மாற்றவோ பெட்டியை வெளியே வைக்கவோ அவருக்கு உரிமையில்லை. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களை பஸ்களில் ஏற்றி அனுப்பியதைக் கண்ட தலைமுறையாக இருப்பார். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததும் அவருக்கு நினைவிருக்க வேண்டும். ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஒன்றை அவரிடமும் காட்டுங்கள். ஞாயிறு காலை மகனை முகாமுக்கு அனுப்பாதீர்கள். முதல் ஆள் வந்த நாளிலிருந்து நாட்களை எண்ணி, மனுச் செய்வதற்கான அந்த ஒரு மாதம் முடிவதற்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.