பட்டியலில் நான் எத்தனையாவது?

கேள்வி: அக்கா, எனக்கு ஒரு தோழி இருக்கிறாள். பள்ளியில் ஒரே பெஞ்ச், கல்லூரியில் ஒரே விடுதி அறை. நான் கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது மூன்று வாரம் எனக்குத் தலை பின்னிவிட்டவள். ஏழெட்டு மாதமாக அவள் ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் நிறுவனத்தில் இருக்கிறாள். சத்து மாத்திரை, முகத்துக்குப் போடும் கிரீம், இந்த மாதிரிப் பொருட்களை விற்க வேண்டும், தனக்குக் கீழே ஆளும் சேர்க்க வேண்டும்.

"ஒரு நல்ல விஷயம் இருக்கு, நேர்ல சொல்றேன்" என்று கூப்பிட்டாள். கல்யாணச் சேதி என்று நினைத்துச் சந்தோஷமாகப் போனேன். அங்கே கோட்டு போட்ட ஒருவர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம் பேசினார். "யோசிச்சு சொல்றேன்" என்று எழுந்து வந்தேன். அன்று ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை. நேரம் இல்லை என்றேன். "நேரம் இல்லாதவங்களுக்குத்தான் இந்தத் தொழிலே" என்றாள். பணம் இல்லை என்றேன். "அதுக்காகத்தான் உன்னைக் கூப்பிடறேன்" என்றாள். வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும் என்றேன். "அவரையும் கூட்டிட்டு வா" என்றாள். ஒரு டப்பா கிரீம் வாங்கினால் விட்டுவிடுவாள் என்று வாங்கினேன். அடுத்த மாதம் இரண்டு டப்பாவோடு வந்தாள்.

போன வாரம், "உன் பேர்ல ஒரு மெம்பர் ஐடி மட்டும் போட்டுக்கறேன், பணம் நானே கட்டிடறேன், உன் அடையாள அட்டை நகல் மட்டும் அனுப்பு" என்கிறாள். மாதக் கடைசிக்குள் அவளுக்குக் கீழே இடது பக்க வரிசையில் ஒரு ஆள் சேர வேண்டுமாம். எல்லாம் சட்டப்படியான தொழில்தான் என்றும் சொல்கிறாள். இப்போது அவள் பெயர் போனில் வந்தாலே எடுக்கக் கை வரவில்லை. எடுக்காவிட்டாலும் மனசு கேட்கவில்லை. நட்பு கெடாமல் எப்படி மறுப்பது?

பதில்: அந்த நகலை அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதை வைத்து எதுவும் செய்யக்கூடாது என்று எழுத்தில் ஒரு செய்தி இன்றே அனுப்பிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

"பேருக்கு மட்டும்" என்று அங்கே எதுவும் கிடையாது. கணக்கு உங்கள் பெயரில் இருக்கும், வாங்கிய சரக்கு உங்கள் பெயரில் இருக்கும். நாளைக்கு உங்களுக்குக் கீழே நான்கு பேரைப் போட்டு அவர்கள் பணம் போச்சே என்று கத்தினால், மேலே நிமிர்ந்து பார்க்கும்போது அவர்கள் கண்ணில் படுவதும் உங்கள் பெயர்தான்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரியும் அதுதான்: "பணம் நானே கட்டிடறேன்". உங்கள் தோழிக்கு இப்போது வாடிக்கையாளரும் இல்லை, சேர ஆளும் இல்லை. தன் கைக்காசைப் போட்டுத் தனக்குக் கீழே தானே ஆள் நிரப்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் அதைச் செய்திருக்கிறேன். இந்தப் பகுதியில் இதுவரை சொன்னதில்லை. பதினான்கு மாதம் நான் அப்படி ஒரு நிறுவனத்தில் இருந்தேன். என் மாமியாரின் பெயரில் ஒரு ஐடி, என் தம்பி பெயரில் ஒரு ஐடி. இருவருக்கும் அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாது.

சேர்ந்த அன்றே ஒரு நோட்டு கொடுப்பார்கள். வீட்டுப்பாடம், நூறு பெயர் எழுத வேண்டும். சொந்தம், நட்பு, பக்கத்து வீடு, பழைய ஆபீஸ், பிள்ளையின் டீச்சர் என்று யாரையும் விடக்கூடாது. "இவர் சேர மாட்டார்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க" என்பார் அப்லைன், அதாவது நம்மைச் சேர்த்துவிட்டு நமக்கு மேலே இருப்பவர். முதல் இருபது பெயர் சரசரவென்று வந்துவிடும். நாற்பதுக்கு மேல் பேனா நிற்கும். நான் நாற்பத்து மூன்றாவதாக எழுதியது, அதற்கு முந்தைய மாதம்தான் கணவரை இழந்த ஒரு தோழி. பெயருக்கு எதிரே, "பணத் தேவை இருக்கும்" என்று குறிப்பும் எழுதினேன். அப்போது அது எனக்குக் கொடூரமாகத் தெரியவில்லை. உதவி செய்யப் போகிறேன் என்றே நினைத்தேன். உங்கள் தோழியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். உங்களை ஏமாற்ற வருகிறாள் என்று எண்ண வேண்டாம். அவள் நம்புகிறாள். அதனால்தான் அவளிடம் மறுப்பது இத்தனை கஷ்டமாக இருக்கிறது.

இனி, எப்படி மறுப்பது.

நேரமில்லை, பணமில்லை, வீட்டில் கேட்கணும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் காரணங்கள். காரணம் சொன்னால் பதில் வரும். ஏனென்றால் பதில்கள் அவளுக்கு ஏற்கெனவே பாடமாகியிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் ஜோடி ஜோடியாக உட்காரவைத்து இதைப் பயிற்சியாகவே கொடுப்பார்கள். ஒருவர் "டைம் இல்லையே" என்பார், மற்றவர் மடக்குவார். எனக்கு அதில் கைதட்டல்கூடக் கிடைத்திருக்கிறது. "யோசிச்சு சொல்றேன்" இருக்கிறதே, அது இன்னும் மோசம். எங்கள் நோட்டில் அதற்குத் தனிக் குறி உண்டு. மூன்று நாளில் மறுபடி கூப்பிட வேண்டியவர் என்று அர்த்தம்.

ஆகவே காரணம் சொல்லாதீர்கள். நேரில் பார்த்து, அவள் பையைத் திறப்பதற்கு முன், முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "இதுல நான் சேர மாட்டேன், இனிமே பொருளும் வாங்க மாட்டேன். உன்மேல கோபம் ஒண்ணும் இல்ல. நீ எப்பக் கூப்பிட்டாலும் வருவேன், இது பேச மட்டும் கூப்பிடாத." ஏன் என்று கேட்பாள். "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொல்லுங்கள். மறுபடி கேட்டாலும் அதே "எனக்கு வேண்டாம்". புது வார்த்தை ஒன்று சேர்த்தீர்களோ, அதைப் பிடித்துக்கொள்வாள். மூன்றாம் தடவை கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கும். முகதாட்சண்யம் நம் வாயைக் கட்டிப்போடும். பழகியவர் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல நமக்கு வராது என்பதை நம்பித்தான் இந்த வியாபாரமே முன்பின் தெரியாதவர்களை விட்டுவிட்டுச் சொந்தபந்தத்திலிருந்து தொடங்குகிறது. அந்தக் கூச்சம் ஒரு நிமிடம் இருக்கும், தாங்கிக்கொள்ளுங்கள்.

இரக்கப்பட்டு வாங்குவதையும் நிறுத்துங்கள். நீங்கள் வாங்கிய அந்த ஒரு டப்பாவை, "பாத்தீங்களா, விக்குது" என்று அவளுக்கே அவள் காட்டிக்கொண்டிருப்பாள். நீங்கள் விடுதலை வாங்கியதாக நினைத்தீர்கள், அவளுக்கு இன்னும் ஒரு மாதம் ஓட்டத் தெம்பு கொடுத்துவிட்டீர்கள். கிரீம் நிஜமாகவே பிடித்திருந்தால் அது வேறு கதை. கடையில் அதே மாதிரிக் கிரீமின் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து அந்தச் சட்ட விஷயம். அவள் சொல்வது உண்மையாகக்கூட இருக்கலாம். வெளியாட்களுக்குப் பொருள் விற்று வருமானம் வருகிறதா, ஆள் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வருகிறதா என்பதுதான் பல நாட்டுச் சட்டங்களும் கேட்கும் கேள்வி. 1979-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் இதே மாதிரித் தொழில் செய்யும் ஆம்வே நிறுவனத்தின் வழக்கில், அது பிரமிடு மோசடி, அதாவது ஆள் சேர்க்கும் பணத்திலேயே ஓடும் மோசடி, இல்லை என்று முடிவு செய்தது. அதற்குக் காரணமாகப் பார்த்தது அந்த நிறுவனத்தின் சில விதிகளை. மாதம் குறைந்தது 10 வாடிக்கையாளருக்காவது விற்றிருக்க வேண்டும், வாங்கிய சரக்கில் 70 சதவீதமாவது கைமாறியிருக்க வேண்டும், விற்காததை நிறுவனமோ சேர்த்துவிட்டவரோ திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்பவை அவை. வருமானத்தைப் பெரிதாக்கிச் சொல்லக்கூடாது என்று அதே உத்தரவில் கண்டித்தும் இருக்கிறது. உலகம் முழுக்க மேடைகளில் அந்தத் தீர்ப்பின் முதல் பாதியைத்தான் சொல்வார்கள். எங்கள் மீட்டிங்கிலும் அப்படித்தான். உங்கள் தோழியின் பொருளை, அந்த வலைக்குள் இல்லாத எத்தனை பேர் தாமாகக் கேட்டு வாங்கினார்கள்? விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள்.

சட்டப்படி சரி என்பதால் லாபம் வரும் என்றும் ஆகிவிடாது. அதே ஆணையத்தின் ஊழியர்கள் 2024-ல் இப்படிப்பட்ட 70 நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட வருமான அறிக்கைகளைப் புரட்டிப் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் வருடத்துக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பார்த்திருக்கிறார்கள். அதுவும் அவரவர் கைச்செலவைக் கழிப்பதற்கு முன்.

வெள்ளைப் பலகையில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்களே, நீங்கள் 6 பேர், அந்த ஒவ்வொருவரும் 6 பேர் என்று? மூன்றாம் வரிசையில், 216-ல், பேனாவை மூடிவிடுவார்கள். நான் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் அதை மேலே போட்டுப் பார்த்தேன். பதின்மூன்றாம் வரிசைக்கு மட்டும் 1,306 கோடி பேர் வேண்டும். பூமியில் இருப்பதே 800 கோடிச் சொச்சம். அப்படியென்றால் கடைசியாகச் சேருகிறவருக்கு யார் கிடைப்பார்? அவருக்குக் கீழே ஆளே இல்லை. கணக்குப் போட்டவுடன் விலகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகும் ஐந்து மாதம் இருந்தேன்! நான்தான் கடைசி வரிசை என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

அதனால் இந்தக் கணக்கையெல்லாம் உங்கள் தோழியிடம் கொட்ட வேண்டாம். சந்தேகம் கேட்கிறவர்கள் எல்லாம் "நெகட்டிவ் ஆட்கள்", அவர்களிடமிருந்து விலகி இருங்கள் என்று அவளுக்கு மேடையில் சொல்லியாகிவிட்டது. நீங்கள் வாதாடி ஜெயித்தால் அவள் கண்ணில் அந்தப் பட்டியலில் சேர்வீர்கள், அவ்வளவுதான். நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன மாசம் உன் கையிலேர்ந்து எவ்வளவு போச்சு, கைக்கு எவ்வளவு வந்தது? எனக்குச் சொல்ல வேண்டாம், ஒரு தாள்ல எழுதிப் பாரு." சரக்குக்குக் கொடுத்தது, மீட்டிங் டிக்கெட், போக்குவரத்து, போன் செலவு, வாங்கும் சரக்குக்கு நிறுவனம் போடும் பாயிண்ட் குறையக்கூடாது என்று மாதக் கடைசியில் தானே வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது, எல்லாம் அதில் வர வேண்டும். கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

என்னை அந்த இடத்திலிருந்து கொண்டுவந்தது இந்தக் கேள்விதான். கேட்டவள் அந்த நாற்பத்து மூன்றாம் பெயர்க்காரி. முதல் நாளே முகத்துக்கு நேராக மாட்டேன் என்று சொன்னவள், அதற்குப் பிறகும் வாராவாரம் போன் செய்தவள். அவள் வீட்டில் எனக்குத் தொழில் பேச அனுமதி கிடையாது, மற்ற எல்லாம் பேசலாம். நான் விலகிய அன்று முதலில் அவளைத்தான் கூப்பிட்டேன். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அவள் சொல்வாள் என்று பயந்துகொண்டே கூப்பிட்டேன். சொல்லவில்லை. "சரி, நாளைக்கு வீட்டுக்கு வா" என்றாள்.

உங்கள் தோழி உங்கள்மேல் கோபித்துக்கொண்டு சில மாதம் பேசாமல் இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். பிறந்தநாளுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஒன்று மட்டும், அந்த நேரத்தில் கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். வீட்டு வாடகைக்கு என்று வாங்கினாலும் மாதக் கடைசியில் அது பாயிண்ட்டாகத்தான் மாறும். வாடகைதான் பிரச்சினை என்றால் வீட்டு உரிமையாளர் கையில் நேராகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, நானே இப்படி ஒரு தொழிலில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இப்போது வெளியே வந்துவிட்டேன். நான் சேர்த்துவிட்ட ஐந்து பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

பதில்: சீக்கிரம் விழித்துவிடுங்கள் தம்பி. நீங்கள் விலகிய செய்தி உங்கள் அப்லைன் வாயால் அவர்களுக்குப் போனால், "அவருக்குப் பொறுமை இல்லை, உழைக்கல" என்று போகும். அதற்கு முன் நீங்கள் போக வேண்டும். ஐந்து பேரையும் சேர்த்துக் கூட்டம் போடாதீர்கள், கூட்டம் போட்டதெல்லாம் போதும். ஒவ்வொருவராகப் பாருங்கள். உங்கள் நிஜக் கணக்கைக் காட்டுங்கள், நஷ்டத்தையும் சேர்த்து. விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் விதி நிறுவனத்தில் இருக்கிறதா, எத்தனை நாளுக்குள், பிரிக்காமல் இருக்க வேண்டுமா என்று ஒப்பந்தத்தில் பார்த்து, எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

அவர்கள் வாங்கியதிலிருந்து உங்களுக்கு வந்த கமிஷனைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதை யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கொடுங்கள். பெரிய தொகையாக இருக்காது, எனக்கு இருக்கவில்லை. நான் சேர்த்தவர்கள் நான்கு பேர், நான்கு உறையில் போட்டுக் கொண்டுபோனேன். இரண்டு பேர் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் சிரித்துவிட்டு, பேரனுக்குப் பென்சில் வாங்கிக்கொடுங்கள் என்று என் கையிலேயே திருப்பி வைத்தார். நான்காவது வீட்டில் ஜன்னல் திரை அசைந்தது, கதவு திறக்கவில்லை. அந்த உறை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.